ஹாங்கி டாங்க்: பழைய கன்ட்ரி பாட்டுகளை இன்றும் மேடையில் பாடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கன்ட்ரி இசையில் ஹாங்கி டாங்க் என்ற கிளையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். கேட்டு ரசிப்பவர்கள் முதல் சில கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பாடவோ வாசிக்கவோ நினைப்பவர்கள் நடுப்பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஹாங்கி டாங்க் என்பது இடமா, இசையா?

முதலில் இடம். டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்துச் செய்தித்தாள்களில் 1890-களிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. மலிவான மதுவும் ஆட்டமும் கிடைக்கும் கூடத்துக்கு அந்தப் பெயர். இசைக்கு அது பெயரானது பிறகுதான். 1930-ல் கிழக்கு டெக்சஸில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1933-ல் நாடு தழுவிய மதுவிலக்கு முடிந்தது. வாரக்கூலி வாங்கிய எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகள் ஊருக்கு வெளியே சாலையோரக் கூடங்களை நிரப்பினார்கள். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸும் அங்கே வந்து சேர்ந்தது.

பாட்டில் வீட்டையும் தாயையும் கோயிலையும் பற்றிய ஏக்கம் குறைந்தது. குடி, துரோகம், மணமுறிவு, அதற்குப் பின் வரும் குற்றவுணர்வு ஆகியவை வந்தன. இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் வாத்தியங்களும் மாறின. 1941-ல் எர்னஸ்ட் டப் மின்சார கிட்டாரோடு ஒரு பாட்டைப் பதிவு செய்து பெரிய வெற்றி கண்டார். மின்சாரம் இல்லாத அக்கஸ்டிக் கிட்டார் மட்டும் இருந்த இசைத்தட்டுகள் இரவுக் கூட்டத்தின் சத்தத்தில் எடுபடவில்லை என்று ஜூக்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் குறைப்பட்டுக்கொண்டதுதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

என் கீபோர்டில் ‘ஹாங்கி டாங்க் பியானோ’ என்று ஓர் ஒலி இருக்கிறதே, அதுவா இது?

உறவு உண்டு, ஆனால் வேறு. கீபோர்டு ஒலிகளுக்கு எண் கொடுக்கும் பொது மிடி வரிசையில் 4-ஆவதாக இருக்கும் அந்த ஒலி, சுருதி கலைந்த பழைய மதுக்கூடப் பியானோவைப் போலச் செய்வது. இங்கே நாம் பேசும் இசையில் பியானோ பக்கத்துணை மட்டுமே. முன்னால் நிற்பவை குரல், ஃபிடில் (வயலின்), பெடல் ஸ்டீல் (காலால் சுருதி மாற்றும் ஸ்டீல் கிட்டார்), டெலிகாஸ்டர் என்ற மின்சார கிட்டார். அந்த ஒலியை வைத்து ஹாங்கி டாங்க் பாட்டு வாசித்தால் பொம்மைச் சத்தம்தான் வரும். சாதாரண பியானோ ஒலியே போதும்.

‘கிளாசிக்’ என்று எந்தக் காலத்துப் பாட்டுகளைச் சொல்கிறார்கள்?

மேடையில் இருப்பவர்கள் தோராயமாக 1941 முதல் 1970-கள் வரை என்று வைத்துக்கொள்கிறார்கள். ஹேங்க் வில்லியம்ஸ், லெஃப்டி ஃபிரிஸெல், வெப் பியர்ஸ், கிட்டி வெல்ஸ், ரே பிரைஸ், ஜார்ஜ் ஜோன்ஸ் ஆகியோர் இதன் நடுத்தூண்கள். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகர்ட் ஆகியோரின் பாட்டுகளும் இதே மேடையில் கலந்து ஒலிக்கும்.

இன்று இதை யார் செய்கிறார்கள்?

டேல் வாட்சனிலிருந்து தொடங்கலாம். 1962-ல் அலபாமாவில் பிறந்து டெக்சஸில் வளர்ந்தவர், ஆழமான பாரிடோன் குரல். 1990-களிலிருந்து ஆஸ்டின் நகரக் கூடங்களில் பாடிப் பெயர் எடுத்தார். வானொலியில் ‘கன்ட்ரி’ என்ற பெயரில் வருவதும் தாங்கள் பாடுவதும் ஒன்றில்லை என்று சொல்லி, ‘அமெரிபாலிட்டன்’ என்று தனிப் பெயரே வைத்தார். அந்தப் பெயரில் 2014 முதல் விருதுகளும் கொடுக்கப்படுகின்றன. ஹாங்கி டாங்க் அதில் ஒரு பிரிவு.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பார்க்க வேண்டிய இடம் பிராட்வே தெருவில் உள்ள ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட். ஒருகாலத்தில் ஷோ-பட் பெடல் ஸ்டீல் கடை இருந்த கட்டடம் அது. பிரேசிலில் பிறந்த ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ் 1999-ல் அதை வாங்கினார். அவருடைய ‘பிரேசில்பில்லி’ குழு அங்கே பழைய பாட்டுகளை விடாமல் பாடி வருகிறது. அதே மேடையில் பல ஆண்டுகள் பாடிய ஃபிடில் கலைஞர் ஜோஷுவா ஹெட்லி 2018-ல் சொந்தப் பாட்டுகளோடு தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். டெக்சஸில் ஜஸ்டின் ட்ரெவினோ, ஆம்பர் டிக்பி இருவரையும் கேளுங்கள். ஆம்பரின் தந்தை, புகழ்பெற்ற கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னின் குழுவில் பாஸ் (தாழ்சுர வாத்தியம்) வாசித்தவர்.

தாளத்தில் என்ன விசேஷம்? எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறதே.

ஒரே மாதிரி கேட்பது பழக்கமின்மையால். மூன்று நடைகளைப் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதி இசை பிடிபட்டுவிடும்.

முதலாவது இரண்டடி நடை. நான்கு தட்டுகளில் 1-லும் 3-லும் பாஸ் விழும், முதலில் ஷட்ஜம், பிறகு பஞ்சமம். 2-லும் 4-லும் கிட்டாரின் ‘சக்’. நிமிடத்துக்கு 160 முதல் 200 தட்டு வரை போகும். டெக்சஸ் டூ-ஸ்டெப் ஆட்டம் இதற்குத்தான்.

இரண்டாவது ஷஃபிள். இதைத் திஸ்ர நடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டும் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரியும். அதில் ‘த’வும் ‘ட’வும் ஒலிக்கும், நடுவில் உள்ள ‘கி’ மௌனம். பாஸ் இரண்டடியை விட்டுவிட்டு நான்கு தட்டிலும் நடக்கும். 1956-ல் ரே பிரைஸ் ‘கிரேஸி ஆர்ம்ஸ்’ பாட்டில் இந்த நடையை நிலைநிறுத்தினார். அந்தப் பாட்டு 20 வாரம் முதலிடத்தில் இருந்தது, இன்றும் இசைக்காரர்கள் ‘ரே பிரைஸ் ஷஃபிள்’ என்றே சொல்கிறார்கள். வேகம் சுமார் 120 முதல் 140.

மூன்றாவது வால்ட்ஸ், மூன்று தட்டு. 90 முதல் 110 வேகம்.

ஷஃபிளில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். டிரம்மர் ‘ட’வைச் சீக்கிரம் போட்டால் ராக் அன் ரோல் சாயல் வந்துவிடும். பாஸ் முந்தினால் பாட்டு ஓட ஆரம்பிக்கும், ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். பயிற்சி எளிது: தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-ல் வைத்து, அதன் ஒலியை 2-ஆவது, 4-ஆவது தட்டாக எண்ணுங்கள். அப்போது ஷஃபிளின் வேகம் 120 ஆகும். பத்து நிமிடம் பாஸும் ஸ்நேரும் (டிரம் தொகுதியின் சிறு முரசு) மட்டும் வாசியுங்கள். டிரம்மரின் இடது கை ஸ்நேர் விளிம்பில் குச்சியைக் குறுக்காக வைத்து 2, 4 தட்ட வேண்டும், அல்லது பிரஷ் பிடிக்க வேண்டும். சிம்பலைப் பலமாக அடித்தால் பாடகரின் குரல் அமுங்கிவிடும்.

கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாஷ்வில் வானொலி இசை நிகழ்ச்சியின் மேடையில் நெடுங்காலம் டிரம்முக்கு இடமே இல்லை. அதனால் ரிதம் கிட்டார்தான் ஸ்நேரின் வேலையைச் செய்தது. கம்பியைத் தட்டிய உடனே இடது கை அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அடக்குவது அந்த வாசிப்பு. டிரம் இருந்தாலும் இதை விடாதீர்கள்.

ஒத்திகையே இல்லாமல் நான்கு மணி நேரம் எப்படி வாசிக்கிறார்கள்?

பிராட்வே கூடங்களில் ஒரு குழுவின் முறை பெரும்பாலும் நான்கு மணி நேரம். பாட்டு இரண்டரை, மூன்று நிமிடம்தான். பேச்சையும் சேர்த்தால் மணிக்கு 14 பாட்டு, ஆக ஒரு முறைக்கு 55-க்கு மேல் வேண்டும். ரசிகர் கேட்கும் பாட்டுக்கும் இடம் விட வேண்டும் என்பதால் 150 பாட்டாவது மனப்பாடமாக இல்லாத பாடகர் அங்கே திணறுவார்.

குழுவைக் காப்பாற்றுவது நாஷ்வில் எண் முறை. 1950-களின் இறுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் உருவாக்கியது. நமக்கு இது புதிதில்லை. ச-ரி-க-ம எந்தச் சுருதிக்கும் பொருந்துவதுபோல இங்கே 1, 2, 3, 4. ஷட்ஜத்தின் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) 1, மத்யமத்தினுடையது 4, பஞ்சமத்தினுடையது 5. மைனர் என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் சிறு கோடு. ஒரே பாரில் (ஒரு தாளச் சுற்றில்) இரண்டு கார்ட் என்றால் இரண்டு எண்ணுக்கும் சேர்த்து அடிக்கோடு. எண்ணைச் சுற்றி வைரக்கட்டம் இருந்தால் ஒருமுறை தட்டி ஒலிக்க விட வேண்டும். பாடகருக்குத் தொண்டை கட்டி அரைச்சுரம் இறக்கினாலும் தாளில் ஓர் எழுத்துகூட மாறாது.

மேடையில் கைச்சைகையும் உண்டு. பாட்டு தொடங்கும் முன் காட்டும் விரல்கள் சுருதியைச் சொல்லும். மேல்நோக்கி 1 விரல் ஜி, 2 டி, 3 ஏ, 4 ஈ. கீழ்நோக்கி 1 எஃப், 2 பி ஃபிளாட், 3 ஈ ஃபிளாட். வளைத்த கை சி. பாட்டு ஓடும்போது காட்டும் விரல்கள் கார்ட் எண். இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்களின் வழக்கமான விபத்து. ‘எண்ணத் தொடங்கும் முன் சுருதி, எண்ணிய பின் கார்ட்’ என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பாட்டு வரிசையை எப்படி அமைப்பது?

ஆடுகளத்தைப் பார்த்து. இரண்டு டூ-ஸ்டெப், ஒரு ஷஃபிள், மீண்டும் ஒரு டூ-ஸ்டெப், அப்புறம் ஒரு வால்ட்ஸ். இரண்டு வால்ட்ஸைத் தொடர்ந்து பாடினால் களம் காலியாகும். ஒரு சுருதியிலேயே மூன்று பாட்டுக்கு மேல் போகாதீர்கள், காரணம் தெரியாமலே காது சலித்துவிடும். நடுவில் தனி வாசிப்பு எட்டு பார், அதிகம் போனால் பதினாறு. பழைய இசைத்தட்டுகளில் அவ்வளவுதான். நீட்டி முழக்கும் வாசிப்பு, எவ்வளவு திறமையாக இருந்தாலும், ஆடுகிறவர்களைக் காத்திருக்க வைக்கிறது. இந்தப் பாட்டுகள் பிழைத்திருப்பதற்கே ஆடுகிறவர்கள்தான் காரணம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

பாடும்போது பழைய குரலையே பிரதி எடுக்க வேண்டுமா?

வேண்டாம். பயிற்சிக்காக எடுக்கலாம், மேடைக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. லெஃப்டி ஃபிரிஸெல்லிடம் கற்க வேண்டியது உயிரெழுத்தை வளைக்கும் விதம். ஒரு சொல்லின் நடுவே இரண்டு மூன்று சுரங்களுக்குச் சறுக்கி இறங்குவார், கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். ஹேங்க் வில்லியம்ஸிடம் குரல் உடையும் இடத்தைக் கவனியுங்கள். ரே பிரைஸிடம், தாளம் நிமிர்ந்து நடக்கையில் சொல் சற்றுத் தாமதமாக வந்து அமரும் அழகு.

தவறுகள் மூன்று. மூலப் பதிவின் சுருதியிலேயே பாட முயல்வது: பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை முதலில் பாடிப் பாருங்கள், மூன்றாம் மணி நேரத்திலும் அது வருமா என்று கேட்டுச் சுருதியைத் தீர்மானியுங்கள். அடுத்தது, இல்லாத தென்மாநில உச்சரிப்பை வரவழைப்பது, அது கேலியாகக் கேட்கும். கடைசியாக, அழுகையை எல்லா வரியிலும் போடுவது. ஒரு பாட்டுக்கு ஓர் இடம் போதும்.

பெடல் ஸ்டீல் ஏன் இவ்வளவு முக்கியம்? கற்க முடியுமா?

பழைய திரைப்பாட்டுகளில் ஹவாயன் கிட்டார் இழைவதைக் கேட்டிருப்பீர்கள். பெடல் ஸ்டீல் அதன் வாரிசு. மடியில் வைக்காமல் காலூன்றி நிற்கும், கம்பிகளின் சுருதியைக் காலாலும் முழங்காலாலும் மாற்றலாம். 1954-ல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ், கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தினார். ஒரு சுரம் அசையாமல் நிற்க இன்னொன்று அதற்குள் ஏறி வந்து சேர்ந்த அந்த ஒலிதான் பிறகு கன்ட்ரியின் அடையாளமே ஆயிற்று.

கற்க விரும்பினால் ஈ நைன்த் என்ற 10 கம்பி அமைப்பில் தொடங்குங்கள். வாசிப்பவருக்குத் தொலைவில் உள்ள 1-ஆம் கம்பியிலிருந்து: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. மூன்று பெடல்களில் முதல் இரண்டு போதும். ஏ பெடல் 5, 10-ஆம் கம்பிகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6-ஆம் கம்பிகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு ஏற்றும்.

ஜி சுருதிப் பாட்டு ஒன்றுக்கு இவ்வளவுதான்: எஃகுக் கட்டையை 3-ஆம் ஃபிரெட்டில் (சுர இடத்தைக் காட்டும் கோட்டில்) வைத்து 4, 5, 6-ஆம் கம்பிகளை மீட்டினால் ஜி. கட்டையை நகர்த்தாமல் இரு பெடலையும் அழுத்தினால் சி. பெடலை விடாமல் 5-ஆம் ஃபிரெட்டுக்குப் போனால் டி. அதாவது 1, 4, 5. எந்தச் சுருதிக்கும் இதே நகர்வுதான்.

எங்கே கெடும்? கட்டை ஃபிரெட் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோடு விலகித் தெரியும், சுருதி தவறும். தலையை கட்டைக்கு நேரே கொண்டுபோங்கள், முடிவைக் காதிடம் விடுங்கள். டியூனர் காட்டும் அளவிலேயே ஜி ஷார்ப்பை வைத்தால் கார்ட் கரகரக்கும். அதை 10 சென்ட் (அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு) வரை தாழ்த்துகிறவர்கள் பலர். தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தைக் கேட்டிருந்தால் ஏன் என்று புரியும்.

வலது கால் வால்யூம் பெடலில். மீட்டும்போது பாதி அளவில் இருக்கட்டும், ஒலி தேயத் தேய மெல்ல அழுத்துங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் பம்பு அடிப்பதுபோல மிதித்தால் கேட்பவருக்குத் தலை சுற்றும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி: குரல் நிற்கும்போது மட்டும் வாசியுங்கள். முதல் சரணம் ஃபிடிலுக்கு, இரண்டாவது ஸ்டீலுக்கு என்று முன்பே பங்கு பிரித்துக்கொண்டால் மோதல் இல்லை.

கிட்டாருக்கும் ஒலிக்கும் என்ன கருவி வேண்டும்?

அதிகம் வேண்டாம். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப் (கம்பி முடியும் இடத்தருகே ஒலியைப் பிடிக்கும் பகுதி), 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் வகை ஆம்ப் (ஒலிபெருக்கி), கலப்படமில்லாத ஒலி. எக்கோ போட்டால் 100 மில்லி விநாடி அளவில் ஒரே ஒரு எதிரொலி. ஸ்டீலுக்கு மட்டும் பெரிய ஆம்ப் தேவை: 100 வாட்டுக்கு மேல், 15 அங்குல ஸ்பீக்கர். சிறிய ஆம்பில் அதன் மேல் சுரங்கள் உடைந்து கீச்சிடும். டபுள் பாஸ் இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் பாஸில் ஃபிளாட்வவுண்ட் என்ற வழவழப்பான கம்பி போட்டு, பிரிட்ஜ் அருகே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகுங்கள்.

பழைய பாட்டைப் பதிவு செய்து வெளியிட அனுமதி வேண்டுமா?

அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளியாகிவிட்ட பாட்டை வேறொருவர் ஒலிப்பதிவு செய்வதைப் பாடலாசிரியர் தரப்பு தடுக்க முடியாது. கட்டாய உரிமம் என்ற ஏற்பாடு உண்டு, கட்டணம் கட்ட வேண்டும். 5 நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுக்கு, சிடி ஒன்றுக்கு 2025-ல் 12.7 சென்ட் இருந்தது. அந்தக் கணக்கில் 1,000 சிடி, 10 பழைய பாட்டு என்றால் 1,270 டாலர். இதை அச்சிடும் செலவோடு முதலிலேயே சேர்த்துக்கொள்ளாதவர்கள் கடைசியில் கையைப் பிசைகிறார்கள்.

மெட்டின் அடிப்படையை மாற்ற இந்த உரிமம் இடம் தராது. வீடியோவோடு சேர்த்து வெளியிட வேறு அனுமதி தேவை, அதற்குக் கட்டாய உரிமம் இல்லை, மறுக்கவும் முடியும். கூடத்தில் நேரடியாகப் பாடுவதற்கான உரிமத்தை ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளிடம் வழக்கமாகக் கூடத்துக்காரர்தான் வாங்கி வைப்பார்.

பழையதை மட்டுமே பாடினால் அது அருங்காட்சியகம் ஆகிவிடாதா?

ஆகும். அதனால்தான் நல்ல பாடகர்கள் அதே அச்சில் புதுப் பாட்டும் எழுதுகிறார்கள். டேல் வாட்சனின் ஆல்பங்களில் பெரும்பாலானவை சொந்தப் பாட்டுகள். மூன்று நிமிடத்துக்குள், ஒரே ஒரு நிலைமை, நாலு பேர் பேசும் சொற்கள், பல்லவியின் கடைசி வரியில் ஒரு திருப்பம். பழைய பாட்டுக்கு நடுவே வைத்தால் ஆடுகிறவர் வித்தியாசம் உணராமல் ஆட வேண்டும். அதுவே சோதனை.

பழையதைப் பாடும்போது எழுதியவர் பெயரையும் முதலில் பாடியவர் பெயரையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பாடுங்கள். மேலே சொன்ன ‘கிரேஸி ஆர்ம்ஸ்’ பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் ரால்ஃப் மூனி என்ற பெடல் ஸ்டீல் கலைஞர். பின்னால் உட்கார்ந்து வாசித்தவர் எழுதிய பாட்டு அது என்று கேட்கும் ரசிகர், அடுத்த முறை ஸ்டீல் வாசிப்பவரையும் நிமிர்ந்து பார்ப்பார்.

ஆடத் தெரியாமல் கூடத்துக்குப் போனால் என்ன செய்வது?

டூ-ஸ்டெப்பின் அடி: விரைவு, விரைவு, மெதுவு, மெதுவு. ஜோடிகள் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் களத்தைச் சுற்றுவார்கள். வேகமானவர்கள் வெளிவட்டத்தில், பழகுகிறவர்கள் உள்ளே. நடுவழியில் நின்று பேசாதீர்கள்.

பெடல் ஸ்டீல் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. குழுவை எப்படி நடத்துவது?

நிறையக் குழுக்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஃபிடில் இருந்தால் இரண்டு கம்பியைச் சேர்த்து இழுக்கும் வாசிப்பில் முன்னிசையை அவரிடம் கொடுங்கள். டெலிகாஸ்டர்காரர் ஸ்டீலின் பெடல் அசைவைப் போலச் செய்யலாம்: 2-ஆம் கம்பியை 8-ஆம் ஃபிரெட்டிலும் 3-ஆம் கம்பியை 7-ஆம் ஃபிரெட்டிலும் பிடித்து, 2-ஆம் கம்பியை அசைக்காமல் 3-ஆவதை மட்டும் ஒரு முழுச்சுரம் மேலே வளைக்க வேண்டும். சி சுருதிப் பாட்டில் அது 5-இலிருந்து 1-க்கு வந்து சேரும்போது பொருந்தும். மெல்லிய, 9-இல் (0.009 அங்குலம்) தொடங்கும் கம்பித் தொகுதி போட்டால் விரல் தாங்கும். வளைவு முழுச்சுரத்தை எட்டாமல் நின்றுவிட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும், எனவே டியூனரை வைத்து 9-ஆம் ஃபிரெட்டின் ஒலியோடு ஒப்பிட்டுப் பழகுங்கள்.